கூண்டு பெருகினால் காடு பெருகுமா?

2017 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23 ஆந் திகதி. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கடலில், கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில், இரண்டு இளம் யானைகள் அலைகளோடு போராடிக்கொண்டிருந்தன. துதிக்கையை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தி மூச்செடுக்க முயன்ற அவ்விரு உயிர்களையும் கடற்படையினர் கண்டனர். படகுகள் விரைந்தன, சுழியோடிகள் கடலிற் குதித்தனர், கயிறு பூட்டிப் பதமாக இழுத்து, பவுல் முனைக் கரையில் அவற்றைச் சேர்த்தனர். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர், அதே மாதம் 11 ஆந் திகதி, கொக்கிளாய்க்கு அப்பால் கடலில் அடித்துச் செல்லப்பட்ட வேறொரு யானையும் இவ்வாறே பல மணி நேரப் பிரயாசையின் பின் புல்மோட்டைப் பகுதியிற் கரைசேர்க்கப்பட்டது. உலகத்துப் பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டின.

கடற்படை என்றதும் நமது பகுதி மக்களின் நெஞ்சில் எழும் நினைவுகள் வேறு. அவற்றை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் நற்செயலை நற்செயலென்று சொல்ல மறுப்பவன், தீச்செயலைத் தீச்செயலென்று சொல்லும் தகுதியையும் இழந்துவிடுகிறான்.

அன்று நடந்தவற்றுள் நமது கருத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. கரையேறிய யானைகள் காட்டுக்குள் நடந்து சென்றன. இவற்றை எந்த மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பலாம், எந்த நாட்டுத் தலைவருக்குப் பரிசளிக்கலாம், எந்த யானையோடு சேர்த்து இனம்பெருக்கலாம் என்று எவரும் கேட்கவில்லை. வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். உயிரினப் பாதுகாப்பு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை எந்த மாநாட்டுத் தீர்மானத்திலும் நாம் கண்டதில்லை. இந்தச் சிறிய நிகழ்ச்சியை அளவுகோலாகக் கொண்டு, மிருகக்காட்சிச்சாலைகள் விலங்குகளைச் சேர்க்கும் முறையையும், மாற்றும் முறையையும், இனம்பெருக்கும் முறையையும் நாம் அளந்து பார்க்க விரும்புகிறோம்.

முதலில் எதிர்த்தரப்பாரின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைப்பது நேர்மை. "காடு அழிகிறது, வேட்டைக்காரன் நிற்கிறான், நஞ்சு பரவுகிறது. ஊழிவெள்ளத்தில் ஒரு தோணியைப் போல நாங்கள் சில உயிர்களையேனும் காத்து வைக்கிறோம். வெள்ளம் வடிந்தபின் இறக்கிவிடுவோம்" என்று அவர்கள் கூறுகிறார்கள். இது வெறும் பொய்யன்று. அராபியப் பாலைவனத்து வெண்மான் 1972 இல் காட்டில் அற்றுப்போயிற்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பிடித்து வைக்கப்பட்டிருந்த சிலவற்றிலிருந்து அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர மிருகக்காட்சிச்சாலையில் ஒரு மந்தை வளர்ந்தது. 1982 இல் ஓமான் நாட்டுப் பாலைவனத்தில் அவ்வினம் மீண்டும் கால் பதித்தது. கலிபோர்னியாவின் பெருங்கழுகு 1987 இல் உலகம் முழுவதிலும் இருபத்தேழே மிஞ்சியது, அத்தனையும் கூண்டில். 1992 முதல் அவை மீண்டும் வானத்தில் விடப்பட்டன. அசாமில், ஒரு முழ உயரமும் இல்லாத குள்ளப் பன்றியை 1996 இல் மானஸ் காட்டிலிருந்து ஆறே ஆறு பிடித்து வளர்த்து, 2008 முதல் புல்வெளிகளுக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

இவற்றை நாம் போற்றுகிறோம். ஆனால் இவை ஏன் வெற்றி பெற்றன? அந்த இனங்கள் காட்டில் அற்றுப்போயிருந்தன, அல்லது அற்றுப்போகும் விளிம்பில் நின்றன. அழித்த காரணத்தை அகற்றும் முயற்சி காட்டிலேயே தொடங்கியிருந்தது. பிடித்த நாளிலேயே திருப்பி விடும் நாளும் கணக்கிலிருந்தது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் தோணி கரைசேராது. ஓமான் மானின் பிற்காலக் கதையே சாட்சி. 1996 இல் 450 ஆகப் பெருகியிருந்த அந்த மந்தை வேட்டையாலும் நிலச் சுருக்கத்தாலும் 2007 இல் 65 ஆகக் குறைந்தது. எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அரசாங்கம் வெட்டிக் குறைத்தது; உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து முதன்முதலாக நீக்கப்பட்ட இடம் என்ற அவப்பெயரும் அவ்வாண்டே அதற்குக் கிடைத்தது. மான் இருந்தது, மானுக்கு மண் இல்லை. நாம் இக்கட்டுரையில் சொல்ல வந்ததெல்லாம் இதனுள் அடக்கம்.

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கையின் மிருகக்காட்சிச்சாலை வரலாறு ஒரு வியாபாரியோடு தொடங்குகிறது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் உலகத்து விலங்குகளை வாங்கி விற்கும் பெருவணிகராய் விளங்கினார். 1880 களில் அவர் இலங்கையிலிருந்து யானைகளைக் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களிற் காட்டினார். யானைகளை மட்டுமல்ல, அவற்றோடு அறுபதுக்கும் மேற்பட்ட மனிதர்களையும் கொண்டுபோய், ஆடவைத்து, சமைக்கவைத்து, வேலிக்கு அப்பால் நின்று பார்க்கக் கட்டணம் வாங்கினார். மனிதனும் மிருகமும் ஒரே சீட்டில் காட்டப்பட்ட காலம் அது. கார்லின் மாற்றாந்தாய்ச் சகோதரரான ஜோன் ஹாகன்பெக் இலங்கையிலேயே குடியேறி இவ்வணிகத்தை நடத்தினார். கப்பலேற்றுமுன் விலங்குகளை நிறுத்திவைக்க அவர் தெஹிவளையில் அமைத்த இடமே பின்னர் காட்சிச்சாலையாயிற்று. கம்பெனி முறிந்தது, 1936 இல் அரசாங்கம் அதனை ஏற்றது. இன்றைய தேசிய மிருகக்காட்சிச்சாலை பிறந்த கதை இதுதான்.

பிறப்பைச் சொல்லி ஒருவரையும் இழிவுபடுத்துவது நமது வழக்கமன்று. நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். ஆனால் பழைய வியாபாரியின் கணக்குப் புத்தகம் இன்னும் மூடப்படவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. அன்று விலை என்றார்கள். இன்று பரிசு என்கிறார்கள், பரிமாற்றம் என்கிறார்கள், இனவிருத்திக் கடன் என்கிறார்கள்.

இந்தச் சொல் மாற்றத்துக்குக் காரணம் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1975 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979 இல் அதில் இணைந்தது. ஆசிய யானை அதன் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. காட்டு யானையை வியாபாரத்துக்காக நாடு கடத்த முடியாது. ஆனால் வியாபார நோக்கமற்ற கொடையென்றால் அனுமதிப் பத்திரம் கிடைக்கும். கூண்டிற் பிறந்ததென்றால் விதி இன்னும் இளகும். ஆகவே, கொடை, கூண்டிற் பிறப்பு என்ற இரு சொற்களுக்கும் எவ்வளவு பெறுமதி உண்டென்பதை வாசகர்களே உணரலாம்.

அந்தப் பெறுமதியை அறிந்தவர்கள் காட்டிலேயே திருடவும் துணிந்தார்கள். தாயிடமிருந்து களவாகப் பிரிக்கப்பட்ட குட்டிகள், போலிப் பதிவுகளின் துணையோடு வளர்ப்பு யானைகளாக வேடம் பூண்டன என்ற குற்றச்சாட்டில், 2015 இல் தொடங்கிய விசாரணைகளின்போது பல யானைகள் கைப்பற்றப்பட்டன. 2021 ஆகஸ்டில் வளர்ப்பு யானைகளின் பதிவு குறித்துப் புதிய வர்த்தமானி விதிகள் வந்தன. அடுத்த மாதமே பதினான்கு யானைகளை, அவற்றை வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடமே திருப்பிக் கொடுக்கும்படி கொழும்பு நீதிமன்றமொன்று உத்தரவிட்டது. ஒரு வரி எழுத்து ஒரு காட்டு உயிரைச் சொத்தாக்கிவிடும் நாட்டில், பதிவேடுகளை நம்பி மட்டும் பாதுகாப்பைப் பேச முடியுமா?

கொடையின் கதையைப் பாருங்கள். 1976 இல் அமெரிக்கச் சிறுவர்களுக்கு இலங்கைச் சிறுவர்களின் பரிசாகச் சாந்தி என்ற அநாதை யானைக்குட்டி அளிக்கப்பட்டு வாஷிங்டன் சென்றது. 2001 இல் அங்கு செயற்கைக் கருவூட்டல் மூலம் அது ஈன்ற குட்டிக்குக் கண்டுல என்று நம் நாட்டுப் பழைய பட்டத்து யானையின் பெயரையே சூட்டினார்கள். பெயர் இலங்கையது, அதன் காலடி இந்த மண்ணில் ஒருநாளும் பட்டதில்லை. சாந்தி 2020 இல் அங்கேயே இறந்தது. 2012 இல் இரண்டு யானைகள் செக் நாட்டின் பிராக் நகருக்குப் போயின. 2015 இல் அஞ்சலி என்ற குட்டி நியூசிலாந்தின் ஒக்லாந்துக்குப் போயிற்று. அதற்குத் துணையாக நந்தி என்ற இன்னொரு குட்டியைத் தருவதாக 2016 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நியூசிலாந்துப் பிரதமரிடம் வாக்களித்தார். பௌத்த பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் நீதிமன்றம் சென்று அதைத் தடுத்தனர். நந்தி போகவில்லை. ஒக்லாந்திலோ, யானைக் கூட்டமொன்றை அங்கு உருவாக்கும் திட்டமே பின்னர் கைவிடப்பட்டது. 2022 இல் அஞ்சலி அவுஸ்திரேலியாவுக்கு மாற்றப்பட்டது. மழலைப் பருவத்தில் ஒரு நாடு, இளமையில் இன்னொரு நாடு. ஆனால் இந்த ஊர்வலத்தில் இலங்கைக் காடு என்ற தரிப்பிடம் மட்டும் எங்குமே இல்லை.

இது எவரோ ஒருவரின் கொடுமனத்தால் விளைந்ததன்று. முறையின் இயல்பு அது. மேலைநாட்டு மிருகக்காட்சிச்சாலைகள் ஒவ்வோர் இனத்துக்கும் வம்சப் பதிவேடு வைத்திருக்கின்றன. எந்த ஆண் எந்தப் பெண்ணோடு சேரவேண்டும், எது எந்நகருக்கு மாற்றப்படவேண்டும் என்பதை ஓர் இணைப்பாளர் ஏட்டைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். சிறு கூட்டத்துக்குள் நெருங்கிய உறவில் இனம் பெருகினால் நலிவு வரும் என்பதால் இக்கணக்கு அவசியமே. ஆனால் கணக்கில் மிஞ்சிய உயிர் என்னாகிறது? 2014 பெப்ரவரியில் கோப்பன்ஹேகன் நகரில் மாரியஸ் என்ற பதினெட்டு மாத ஒட்டகச்சிவிங்கி, நோயற்ற நிலையில், கொல்லப்பட்டது. அதன் வம்சக்கூறு ஏற்கெனவே போதியளவு இருக்கிறது என்பதே காரணம். பார்வையாளர் முன்னிலையில் அதை அறுத்துச் சிங்கத்துக்கு உணவாக்கினார்கள். ஒக்லாந்தில் அரவணைப்பும் கோப்பன்ஹேகனில் கொலையும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள். இரண்டிலும் விலங்கு ஏட்டுக்காக வாழ்கிறது.

இப்போது இனம்பெருக்கலைக் கவனிப்போம். பின்னவலையில் யானை அநாதை இல்லம் 1975 இல் தொடங்கியது. தாயை இழந்த குட்டிகளைக் காக்கும் அந்நோக்கம் உயர்ந்ததே. 1978 இல் அது மிருகக்காட்சிச்சாலையின் பொறுப்புக்கு வந்தது. 1982 இல் இனவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. 1984 இல் முதற் குட்டி பிறந்தது. அதன்பின் எழுபதுக்கு மேற்பட்ட குட்டிகள் அங்கு பிறந்துள்ளன. 2021 இல் இரட்டைக் குட்டிகள் பிறந்தபோது நாடே மகிழ்ந்தது. பிறந்த குட்டிகளுள் எத்தனை காட்டுக்குத் திரும்பின? அந்தக் கேள்விக்கு அங்கு இடமே இல்லை. ஏனெனில் திருப்பி விடுவது அந்நிலையத்தின் நோக்கமன்று. விகாரைகளுக்கும் தனியாருக்கும் பிறநாடுகளுக்கும் யானை வழங்கும் பண்ணையாக அநாதை இல்லம் மாறியது.

இதே நாட்டில், இதே அரசாங்கத்தின் கீழ், உடவளவையில் 1995 இல் இன்னொரு நிலையம் திறக்கப்பட்டது. அங்கும் அநாதைக் குட்டிகளுக்கே பால் ஊட்டுகிறார்கள். ஆனால் மனிதப் பழக்கம் ஒட்டிவிடாதபடி பார்வையாளர்களைத் தூரத்தில் நிறுத்துகிறார்கள். தொட்டுப் படம் பிடிக்க விடுவதில்லை. குட்டிகள் தம்முள் கூட்டமாய் வளரும்படி விடுகிறார்கள். வளர்ந்ததும் காட்டுக்கு அனுப்புகிறார்கள். 1998 இல் தொடங்கி இன்றுவரை நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் அவ்வாறு திரும்பியுள்ளன; அவற்றுட் சில காட்டிலேயே குட்டியும் ஈன்றுள்ளன. ஆகவே, கூண்டில் வளர்ந்த யானை காட்டில் வாழாது என்று சாக்குச் சொல்லும் வாயை நமது நாட்டு அநுபவமே அடைத்துவிடுகிறது. ஒரு நிலையம் காட்டுக்குக் கடனைத் திருப்பிச் செலுத்துகிறது. மற்றையது வட்டியையும் தானே விழுங்குகிறது.

இன்னும் ஒருபடி மேலே போய்க் கேட்போம். இலங்கையில் யானைக்கு இனவிருத்திப் பஞ்சமா? 2011 இல் நடத்திய கணக்கெடுப்பில் 5,879 காட்டு யானைகள் காணப்பட்டன. இவ்வளவு சிறிய தீவில் இது பெருந்தொகை. ஆனால் 2023 ஆம் ஆண்டில் மட்டும் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்கள் மாண்டனர். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ஒரு புகைவண்டி ஆறு யானைகளை ஒரே மோதலில் அடித்துக் கொன்றது. பின்னவலையில் நாற்பது ஆண்டுகளில் பிறந்த குட்டிகளின் தொகையைக் காட்டில் ஏறக்குறைய இரண்டே மாதத்துச் சாவு விழுங்கிவிடுகிறது. யானை அழிவது பிறப்புக் குறைவாலன்று, மண் குறைவால். நோய் காலில், மருந்து தலைக்கு.

கூண்டிற் பிறக்கும் யானையின் வாழ்வும் பொறாமைப்படத்தக்கதன்று. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டுகள் என்றது. மியன்மார்க் காடுகளில் மரம் இழுத்துப் பாடுபடும் யானைகளுக்கோ 41.7 ஆண்டுகள். உழைத்துத் தேயும் யானையிலும் பார்க்க, உட்கார்ந்து தின்னும் கூண்டு யானை பாதி ஆயுளும் பெறவில்லை.

கடல் கடந்து தமிழ்நாட்டைப் பார்த்தாலும் இதே பாடந்தான். சென்னைக்குத் தெற்கே 1976 இல் தொடங்கிய முதலைப் பண்ணை, அருகிவந்த சதுப்புநில முதலையை இனம்பெருக்குவதில் வியத்தகு வெற்றி கண்டது. முட்டைகள் பொரித்தன; தொட்டிகள் நிரம்பின; பல மாநிலங்களின் ஆறுகளில் முதலைகள் விடப்பட்டன. ஆனால் விடுவதற்குத் தக்க நீர்நிலைகள் தீர்ந்தன. 1994 இல் விடுவிப்பு நிறுத்தப்பட்டது. வெற்றியே சுமையாயிற்று. கடைசியில் 2022 இல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் பெருமுதலாளி ஒருவர் குடும்பத்தின் ஆதரவில் எழுந்த தனியார் விலங்ககத்துக்கு மாற்ற ஏற்பாடாயிற்று. இதில் பண்ணையாரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆறுகளைக் காக்காத சமுதாயம் முதலைகளைப் பெருக்கினால், கடைசியில் அவை யாருடைய மதிலுக்குள் போய்ச் சேரும் என்பதை இக்கதை காட்டுகிறது.

மாற்றம் என்ற சொல்லின் உச்சக் கூத்தை 2023 இல் கண்டோம். விளைபயிரை நாசம் செய்கின்றன என்று கூறி, ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அவ்வாண்டு ஏப்ரலில் விவசாய அமைச்சர் வெளியிட்டார். அங்குள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட மிருகக்காட்சிச்சாலைகளுக்குத் தேவையாம்! அந்தக் குரங்கு இலங்கைத் தீவுக்கே உரியது. உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. அருகிவரும் இனப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஒவ்வொரு காட்சிச்சாலைக்கும் நூறு குரங்கு என்ற கணக்கைச் சிறுபிள்ளையும் நம்பாது. ஆய்வுகூடங்களின் கத்திக்குத்தான் இவை போகுமோ என்ற ஐயம் எங்கும் எழுந்தது. அப்படியொரு கோரிக்கையைத் தாம் அறியோம் என்று சீனத் தூதரகமே கைவிரித்தது. வழக்குத் தொடரப்பட்டது, ஏற்றுமதி செய்யப்போவதில்லை என்று ஜூன் மாதத்தில் அரச தரப்பு நீதிமன்றில் உறுதியளித்தது. மிருகக்காட்சிச்சாலை என்ற பெயர் எதற்கெல்லாம் திரையாகக்கூடும் என்பதை நாட்டுக்கு உணர்த்திய அளவில் அமைச்சருக்கு நாம் நன்றி கூறவேண்டும்.

"கமக்காரன் படும்பாடு உங்களுக்குத் தெரியுமா?" என்று சிலர் சீறுவர். தெரியும். கந்தளாயிலும் சேருவிலையிலும் மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் வெருகலிலும் இரவில் பரணில் விழித்திருக்கும் மனிதர்கள் நம்மவர்கள். தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் ஒரே யானைக்கு அஞ்சி ஒரே இரவில் தீ மூட்டுகிறார்கள். திணைக்களம் தரும் யானை வெடியே பலருக்குக் கவசம். கதிர் முற்றிய வயல் ஓரிரவில் மிதிபட்டால் கடன்காரன் காலையில் வந்து நிற்பான்; அரசாங்கத்தின் நட்டஈடோ எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. ஆத்திரத்தில் ஒருவன் பூசணிக்காய்க்குள் வெடியை ஒளிக்கிறான். இன்னொருவன் கட்டுத்துவக்கு வைக்கிறான். மற்றொருவன் மின்சாரத்தைக் களவாகக் கம்பியில் பாய்ச்சுகிறான். வாய் சிதறிய யானை பசியால் வாடிச் சாகிறது. அதன் குட்டி அநாதையாகிறது. அந்த அநாதையே காட்சிப்பொருளாகி, கட்டணமும் வெளிநாட்டுச் செலாவணியும் ஈட்டித் தருகிறது. கமக்காரனின் கண்ணீரில் தொடங்கும் இச்சங்கிலியின் மறுமுனை ஒரு நுழைவுச்சீட்டில் முடிகிறது. ஆனால் அச்சீட்டின் பணத்தில் ஒரு சதமேனும் அக்கமக்காரனின் வேலிக்கு வந்து சேர்வதில்லை.

வேலியைப் பற்றி நாம் வீணுக்குப் பேசவில்லை. யானையைப் பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விடும் முறையை நமது நாட்டு ஆய்வாளர்களே கழுத்துப்பட்டியில் கருவி பூட்டிப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2012 இல் முடிவை வெளியிட்டனர். மாற்றப்பட்ட யானைகளுட் சில பழைய இடத்துக்கே திரும்பின. சில ஊரூராய் அலைந்தன. தொல்லையும் சாவும் பெருகின. காட்டைச் சுற்றி வேலி போட்டு யானையை அடைப்பதும் பயன் தராது. காட்டுக்கு வெளியேயும் யானை வாழ்கிறது. ஊரைச் சுற்றியும், விதைப்புக் காலத்தில் வயலைச் சுற்றியும், அவ்வூர் மக்களே பராமரிக்கும் மின்வேலி போடுவதே வழியென்று, கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இல் தேசியத் திட்டமொன்றைத் தயாரித்துக் கையளித்தது. கூண்டில் பூட்டப்பட வேண்டியது யானையல்ல. கட்டுப்படுத்தப்பட வேண்டியது வயலோரம் என்பதே அதன் சாரம். அத்திட்டம் நத்தை வேகத்தில் ஊர்கிறது. வேலித் தூண் நடுவதைப் படம் பிடிக்க எந்தச் சுற்றுலாப் பயணியும் வரமாட்டான் அல்லவா?

நமது துறைமுக நகரிலேயே இதன் சிறு வடிவத்தைக் காணலாம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே, கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில், புள்ளிமான்கள் திரிகின்றன. கூண்டும் இல்லை, சீட்டும் இல்லை. மாலையில் அவை நகர வீதிகளுக்கும் வருகின்றன. ஏழைத் தாயொருத்தி தன் குழந்தைக்கு மானைக் காட்ட ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. இப்பேறு எத்தனை நகரங்களுக்கு வாய்த்தது? ஆயினும் அந்த மான்கள் குப்பையில் கிடக்கும் பொலித்தீனைத் தின்று மடிகின்றன. குப்பையை ஒழுங்காக அகற்றினால் போதும். ஒரு வம்சப் பதிவேடும் வேண்டியதில்லை. அதைச் செய்ய நகரத்துக்கு மனமில்லாவிட்டால், நாளை எவரேனும் வந்து "மான்களைக் காக்கப்போகிறோம்" என்று அள்ளிக்கொண்டு போகும்போது அழுது பயனில்லை.

கடலுக்குள்ளும் இதே நிலைதான். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 1963 இல் சரணாலயமாயிற்று. 2003 இல் தேசியப் பூங்காவாயிற்று. நமது கிழக்குக் கடலின் பவளப்பாறைகளிலிருந்து சுழியோடிகள் பிடிக்கும் வண்ண மீன்கள் கொழும்பு வழியாக விமானமேறி அந்நிய நாட்டுக் கண்ணாடித் தொட்டிகளை அடைகின்றன. ஆண்டுதோறும் உலகில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட கடல் மீன்கள் இவ்வாறு கைமாறுவதாக 2003 இல் ஐக்கிய நாடுகளின் சூழல் அமைப்பு மதிப்பிட்டது. நன்னீர் அலங்கார மீன்களுட் பெரும்பாலானவை பண்ணையிற் பிறக்கின்றன. கடல் மீன்களோ பெரும்பாலும் பாறையிலிருந்தே பறிக்கப்படுகின்றன. இனம்பெருக்கும் ஆற்றல் உண்மையில் எங்கே தேவையோ அங்கே அது குறைவு. எங்கே தேவையில்லையோ அங்கே தாராளம். நுரையீரல் வலிக்கச் சுழியோடும் ஏழைக்குக் கிடைப்பது கூலி. தொட்டிக்காரனுக்குக் கிடைப்பது பாதுகாவலன் என்ற பட்டம்.

"காட்டுக்குச் சென்று பார்க்க வசதியில்லாத ஏழைப் பிள்ளைகள் விலங்குகளை வேறெங்கே காண்பார்கள்?" என்ற கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. வசதி படைத்தோருக்கு யால வனமும் வாடகை ஜீப்பும். வசதியற்றோருக்குக் கூண்டுப் புலி. இந்த ஏற்றத்தாழ்வை மாற்ற வேண்டும் என்று போராடுவதே நமது கடமை. அதற்குப் பிரதியாக ஒரு யானையின் ஆயுளை விலையாகக் கொடுப்பதன்று. கால் சங்கிலியோடு ஆடி அசையும் யானையைப் பார்க்கும் குழந்தை யானையைப் பற்றி அறிவதில்லை. சங்கிலியைப் பற்றித்தான் அறிகிறது. அது இயல்பானதென்றும் கற்றுக்கொள்கிறது. அடிமைத்தனம் இயல்பென்று கற்ற பிள்ளை வளர்ந்து எத்தகைய குடிமகனாகும்?

சிறை எதுவென்று பிறர் வந்து கற்பிக்க வேண்டிய நிலையில் நமது மண் இல்லை. 1660 இல் கொட்டியாரக் கரையில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரைக் கண்டி மன்னன் சங்கிலியிடவில்லை, ஊரார் உணவளித்தார்கள், வீடு கட்டிக்கொள்ளவும் முடிந்தது. ஆனாலும் பத்தொன்பது ஆண்டுகளின் பின் 1679 இல் உயிரைப் பணயம் வைத்து அவர் ஓடினார். அதே குடாவின் கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006 இல் யுத்தத்தால் துரத்தப்பட்டார்கள். கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் அவர்களுக்கு நிவாரண அரிசி அளக்கப்பட்டது. குழந்தைகளும் பிறந்தன. ஆனால் "இங்கே உணவுண்டு, கூரையுண்டு, குழந்தை பிறக்கிறது, இனி ஊர் எதற்கு?" என்று அவர்களுள் ஒருவரும் சொல்லவில்லை. 2015 இல் காணிகள் விடப்படும் வரை ஒன்பது ஆண்டுகள் ஊரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விலங்கையும் மனிதனையும் நாம் சமப்படுத்தவில்லை. ஆனால் சோறிட்டால் சொந்த மண் தேவையில்லை என்ற வாதம் மனிதனுக்குப் பொய்யானதை, இந்த மாவட்டத்தைப் போல் உணர்ந்த இடம் குறைவு. வாயற்ற சீவன்களுக்கு அது மெய்யாகிவிடும் என்று எதைக்கொண்டு நம்புவது?

ஆகவே நாம் கோருவது மிருகக்காட்சிச்சாலைகளை நாளைக்கே இடித்துத் தள்ளுவதையன்று. அங்குள்ள உயிர்களுக்கும் அவற்றைப் பேணும் தொழிலாளருக்கும் நமக்குப் பொறுப்புண்டு. நாம் கோருவன இவை. ஒவ்வொரு விலங்கும் எங்கே பிறந்தது, எவ்வாறு வந்தது, எங்கே அனுப்பப்படுகிறது என்ற பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படவேண்டும். பாராளுமன்றத்தில் பகிரங்க விவாதமின்றி ஓர் உயிரும் அரசியற் பரிசாக நாட்டை விட்டுப் போகக்கூடாது. காட்டுக்குத் திரும்பும் திட்டம் இல்லாத இனவிருத்தியைப் பாதுகாப்பு என்று அழைப்பதை நிறுத்தவேண்டும். அநாதையான யானைக்குட்டிகளெல்லாம் உடவளவை வழியே காட்டுக்குப் போகவேண்டும். காட்சிச்சாலைகள் ஈட்டும் வருமானத்தில் ஒரு பங்கு கந்தளாய், மூதூர், சேருவில கமக்காரரின் வேலிக்கும் நட்டஈட்டுக்கும் சட்டப்படி ஒதுக்கப்படவேண்டும்.

இவை எட்டாத கனவுகளல்ல. கயிறும் படகும் கொஞ்சம் மனிதாபிமானமும் கொண்டு, ஒரு ஜூலை மாதத்தில், நம் கண்ணெதிரே, கடலுக்குள் போன மூன்று யானைகளைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. அன்று பவுல் முனையில் அவ்விரு யானைகளும் மணலில் கால் ஊன்றி, எவரையும் திரும்பிப் பாராமல், காட்டை நோக்கி நடந்தன. அந்தக் காடு அங்கே இருந்தது. அதனால் அவை மீண்டன. நாளை அங்கே காடு இல்லாவிட்டால், எந்தக் கயிற்றால் இழுத்து எங்கே கொண்டுபோய் விடுவது?